குசலம் முடியட்டும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர முடியாது. வந்தால் உங்களை மனிதர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மரக்கழி வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அப்புறம் குசலம். நல்லாத் தூங்கினீங்களா? தூங்கினோம். வீட்டில எல்லாரும்? நல்லா இருக்காங்க. மாடு கன்னு? நல்லா இருக்கு. எது நடந்திருந்தாலும் பதில் ‘நல்லா இருக்கு’தான். குசலத்தின் நடுவே கெட்ட சேதி சொல்வது, சாப்பிட உட்கார்ந்தவன் தட்டில் மண்ணைப் போடுகிற மாதிரி. எல்லாம் கேட்டு முடித்து, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்து, தொண்டையைச் செருமி, ‘ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்தால்தான் சேதி.

பக்கத்து வீட்டு ஷாப்வாவின் வீட்டை ராணுவக் கவச வண்டி ஏறி நசுக்கிவிட்டுப் போயிற்று. மறுநாள் காலையில் ஷாப்வா எங்கள் வீட்டுக்கு வந்தான். வீடு நல்லா இருக்கா என்று கேட்டார் என் மாமா. நல்லா இருக்கு என்றான். கம்பங்கொல்லை, கழுதை, மாமியார் எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகு, “ஒரு விஷயம். வீடு இல்ல” என்றான்.

இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இது தெரியாத பெரிய மனிதர்கள்தான் என் மாமாவை அழைத்துப் போய் மாநாட்டில் உட்கார வைத்தார்கள். இதைத் தவிர வேறெதுவும் தெரியாத என் மாமாவும் போய் உட்கார்ந்தார்.

மாமா பெயர் ஹாய்ம்போடி. என் அம்மாவின் அண்ணன். நாடு எங்களுடையது, ஆட்சி தெற்கே இருக்கிற பக்கத்து நாட்டுக்காரர்களுடையது. தெற்கு அரசு என்போம். எங்கள் பையன்கள் வடக்கே எல்லையைத் தாண்டி ஓடி, விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, துப்பாக்கியோடு திரும்பி வருவார்கள். தெற்கத்திச் சிப்பாய்கள் அவர்களைத் தேடி எங்களை உதைப்பார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. சாலையில் எது அசைந்தாலும் சுடு என்று உத்தரவு. மனிதன், மாடு, வண்டி என்ற பாரபட்சம் கிடையாது. அந்த விஷயத்தில் மட்டும் தெற்கு அரசு எல்லோரையும் சமமாக நடத்தியது.

மாமாவின் மூத்த மகள் லாஹ்யாவுக்கு இருட்டிய பிறகு பிரசவ வலி எடுத்தது. தேவாலயத்து வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வண்டி இருந்தது, பெட்ரோல் இருந்தது, போதகர் நெக்வாயா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சாலையில் ஏற வழியில்லை. விடியும் முன்பே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். இப்போது இளையவள் நெலாகோ முழுகாமல் இருந்தாள். கம்பு விதைக்கும் சமயத்தில் பிரசவம் என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் ஐந்து பெரிய நாடுகள் சேர்ந்து சமாதானப் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்தன. போர்நிறுத்தம், அப்புறம் சுதந்திரம். பாதிக்கப்பட்ட மக்களில் சாதாரண ஆள் ஒருவரும் வேண்டும், அப்போதுதான் படம் நன்றாக வரும் என்று கேட்டிருந்தார்கள். போதகர் மாமாவிடம் வந்தார்.

“அங்க போய் என்ன பேசுறது?” என்றார் மாமா.

“உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க.”

“என் மனசுல ஒண்ணுதான் இருக்கு. ராத்திரியில பிரசவ வண்டி மட்டும் போகட்டும். சுடாம இருக்கட்டும். சுதந்திரத்த அவங்களுக்குத் தோதுப்பட்டப்ப குடுக்கட்டும்.”

“அதையே சொல்லுங்க.”

நான் பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலீஷ் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளன் என்று என்னையும் கோத்துவிட்டார்கள். கிளம்பும்போது நெலாகோ ஒரு பை நிறைய வறுத்த மொபானிப் புழு கட்டிக் கொடுத்தாள். மொபானி மரத்து இலையைத் தின்று கொழுக்கிற புழு, எங்கள் பக்கத்தில் அதுதான் நொறுக்குத் தீனி. “அப்பா, சீக்கிரம் வந்துருங்க. நீங்க கேக்குறது சின்ன விஷயந்தானே, ஒரே நாள்ல முடிஞ்சுரும்” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் படித்தவன் என்று பெயர்.

மாநாடு, வடக்கே ஒரு தலைநகரத்தில், பெரிய ஓட்டலில் நடந்தது. தலைமை வகித்தவர் ஐவர் குழுவின் திரு. பெல்வொர்த். வெள்ளை முடி, சாந்தமான முகம், யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். தொடக்க உரையில் அவர் ஓட்டலுக்கு நன்றி சொன்னார், நகரத்துக்கு நன்றி சொன்னார், வெயிலுக்கும் நன்றி சொன்னார். அப்புறம் தெற்கு அரசின் டாக்டர் வெர்மாக் எழுந்து பெல்வொர்த்துக்கு நன்றி சொன்னார். அப்புறம் இயக்கத்தின் தோழர் ஷிம்புலு எழுந்து நன்றி சொன்னார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பரவாயில்ல மாப்ள. மரியாதை தெரிஞ்ச ஆளுங்க. வந்ததும் விஷயத்துல பாயாம, அழகாக் குசலம் விசாரிக்கிறாங்க பாரு.”

நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அது நான் செய்த முட்டாள்தனம். அன்றே அவருக்குப் புரிய வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மாமாவை எங்கே உட்கார வைப்பது என்று கேள்வி வந்தது. இயக்கத்தின் பக்கம் உட்கார்ந்தால் மக்கள் இயக்கத்தோடு இருப்பதாக ஆகிவிடும் என்றார் டாக்டர் வெர்மாக். தெற்கு அரசின் பக்கம் உட்கார்ந்தால் துரோகம் என்றார் தோழர் ஷிம்புலு. நடுவில் போடலாம் என்றார் பெல்வொர்த். நடுவில் சரி, ஆனால் எந்த நாற்காலி? கைவைத்த நாற்காலி பேசுகிற தரப்புகளுக்கு, கையில்லாதது பார்வையாளர்களுக்கு. மாமா இரண்டிலும் சேராதவர். ஒரு கை வைத்த நாற்காலி தரலாம் என்று முடிவாகி, ஓட்டல் தச்சனைக் கூப்பிட்டார்கள். அவன் ரம்பத்தை வைக்கும்போது எந்தக் கை என்று தகராறு. இடது கையை அறுப்பது இடதுசாரிகளுக்கு அவமானம் என்றார் ஷிம்புலு. வலது கையைத் தொட்டால் வெளியேறுவோம் என்றார் வெர்மாக். இரண்டு நாள் பேசி, இரண்டு கையையும் பாதிப் பாதி அறுத்தார்கள். இது பேச்சுவார்த்தையின் முதல் வெற்றி என்று பத்திரிகைகளுக்கு அறிவித்தார் பெல்வொர்த்.

மாமா முழங்கையை வைக்கும்போதெல்லாம் அது வழுக்கி விழுந்தது. “வந்தவனுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு எவ்வளவு மெனக்கெடுறாங்க பாரு” என்றார்.

தெற்கு அரசு இயக்கத்தை அங்கீகரிக்கவில்லை. அதனால் வெர்மாக் ஷிம்புலுவிடம் நேராகப் பேச மாட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் “அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்” என்று பெல்வொர்த்திடம்தான் சொல்வார்கள். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி பிள்ளை மூலமாகக் குழம்பு கேட்கிற கதைதான். ஒருநாள் ஷிம்புலு தும்மினார். வெர்மாக் நல்ல வளர்ப்பு. பழக்க தோஷத்தில் “கடவுள் காப்பாற்றட்டும்” என்று அவரைப் பார்த்தே சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஆசீர்வாதம் அங்கீகாரம் ஆகாது என்று தெற்கு அரசு விளக்கம் வெளியிட்டது. ஆசீர்வாதத்தை ஏற்கவில்லை என்று இயக்கம் பதில் விளக்கம் வெளியிட்டது. கடவுளின் நிலைப்பாடு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒருவழியாகப் போர்நிறுத்தம் என்ற பேச்சு வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெர்மாக் எழுந்தார்.

“தலைவர் அவர்களே, இல்லாத போரை எப்படி நிறுத்துவது? அங்கே நடப்பது போர் அல்ல, ஒழுங்கு நடவடிக்கை. போர்நிறுத்தம்தான் வேண்டுமென்றால் முதலில் போரைத் தொடங்க வேண்டும். சமாதானத்தின் மேல் உள்ள அக்கறையால் அதற்கும் நாங்கள் தயார். எங்கள் ராணுவம் அந்த மண்ணில் அமைதிக்காகவே இருக்கிறது. வருடா வருடம் அமைதி கூடிக்கொண்டே போவதால்தான் வருடா வருடம் படையையும் கூட்ட வேண்டியிருக்கிறது. ஊரடங்கைக் குறை சொல்கிறார்கள். உழைக்கிற மக்கள் நேரத்தோடு வீடு திரும்பி நிம்மதியாகத் தூங்கட்டும் என்று வேறு எந்த அரசு இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது?”

தோழர் ஷிம்புலு மேசையைக் குத்திக்கொண்டு எழுந்தார். “என் மக்களின் வலி என் வலி! அவர்களின் ஒவ்வொரு மூச்சையும் நான் அறிவேன். நாட்டை விட்டு வந்து இத்தனை காலமாகியும், எந்த விமானத்தில் பறந்தாலும், எந்த மாநாட்டில் சாப்பிட்டாலும், அவர்களை மறந்ததில்லை. கடைசி மனிதன் இருக்கும் வரை போராடுவோம். அதற்கு இன்னும் நிறைய மனிதர்கள் இருக்கிறார்கள்!”

பெல்வொர்த் இரண்டுக்கும் தலையாட்டினார். “சுதந்திரம் கொடுப்பதில் எங்கள் ஐந்து நாடுகளுக்கும் நீண்ட அனுபவம் உண்டு. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு நாட்டையும் எத்தனை தலைமுறை பத்திரமாக வைத்திருந்தோம் என்பதே அதற்குச் சாட்சி. அவசரம் கூடாது. அந்த மண்ணில் வைரம் இருக்கிறது, யுரேனியம் இருக்கிறது. அவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் தொழிலாளர்களைத் திடீர் சுதந்திரத்தால் பதற வைக்கலாமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவுக்கு ஒவ்வொரு வரியையும் காதில் சொன்னேன். அவர் அமைதியாகத் தலையாட்டினார்.

“மாமா, இவங்க எதையுமே பேசலையே! நீங்களாவது எழுந்து சொல்லுங்களேன்.”

“ஏன்டா பறக்குற? பெரிய எடத்துக் குசலம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். முடியட்டும். நடுவுல பேசினா நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாங்க?”

எங்களுக்கு வடக்கே இருந்த அண்டை நாட்டில், இயக்கத்துக்கு வேண்டிய படை ஒன்று எங்கோ ஒரு தீவிலிருந்து வந்து இறங்கியிருந்தது. அந்தப் படை முதலில் போகட்டும், நாங்கள் போகிறோம் என்றது தெற்கு அரசு. தெற்குப் படை முதலில் போகட்டும், மற்றவர்கள் போவார்கள் என்றது இயக்கம். போவதில் இரு தரப்புக்கும் முழு உடன்பாடு இருப்பதைப் பெல்வொர்த் பாராட்டினார். அன்று சாயங்காலம் கூட்டம் முடிந்து கிளம்பும்போது கதவருகே வெர்மாக்கும் ஷிம்புலுவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். முதலில் போனவர் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார். இரண்டு பேரும் நின்றார்கள். பின்னால் எல்லோரும் நின்றோம். சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக இறங்கினார்கள். மறுநாளிலிருந்து அதற்கு ஓட்டல் ஏணி போட்டுக் கொடுத்தது.

மாமா அந்தக் காட்சியை ரசித்தார். “நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு எவ்வளவு பணிவு!”

ஓட்டல் சாப்பாடு மாமாவுக்கு இறங்கவில்லை. கம்பங்களி இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடு என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. ஒருநாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நெலாகோ கொடுத்த பையைப் பிரித்தார். அந்த வாசனைக்குத் தோழர் ஷிம்புலு எங்கிருந்தோ வந்து நின்றார்.

“மொபானிப் புழுவா?” குரலே மாறிப்போயிருந்தது.

“எடுத்துக்கங்க. மக வறுத்தது.”

ஒன்றை வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எங்க அம்மா இப்பிடித்தான் உப்பு தூக்கலா வறுப்பா. அவ செத்ததுக்குக்கூட நான் போகல” என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “நம்ம ஊர் ஆத்துல இப்பத் தண்ணி ஓடுதா?”

மாமா என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான். ஆறு என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது.

“நல்லா ஓடுது” என்றார் மாமா. குசலம்தானே.

ஷிம்புலு இன்னும் இரண்டு புழுவை எடுக்கும்போது உள்ளே மணி அடித்தது. கண்ணைத் துடைத்து, கழுத்துப் பட்டையை இறுக்கிக்கொண்டு, மக்களின் வலியைப் பற்றிப் பேசப் போனார். அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை, நாசமாய்ப் போக.

வாரங்கள் ஓடின. ஊரில் விதைப்பு தொடங்கியிருக்கும் என்று மாமா வானத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். “இவங்க மாடு கன்னு வரைக்கும் வந்துட்டாங்களா மாப்ள?” என்று கேட்பார்.

கடைசி நாள். நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி: பாதிக்கப்பட்ட மக்களின் குரல். படம் பிடிக்கிறவர்கள் விளக்கைப் போட்டார்கள். பெல்வொர்த் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமாவைக் கனிவாகப் பார்த்தார்.

“ஐயா, உங்கள் மக்கள் எப்படி இருக்கிறார்கள்?”

மாமா நிமிர்ந்தார். இத்தனை நாள் கழித்து அவரையும் ஒருவர் முறையாகக் குசலம் விசாரிக்கிறார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“நல்லா இருக்கோம்” என்றார்.

“மாமா, இது குசலம் இல்ல. விஷயத்தச் சொல்லுங்க, விஷயத்த!” என்று காதில் கத்தினேன். அவர் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். சும்மா இரு என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் தாமதிக்கிறாரே என்றார் வெர்மாக். மொழிபெயர்த்தேன்.

வெர்மாக் துள்ளி எழுந்தார். “தலைவர் வழியாகக் கேட்கிறேன். இரவில் தூக்கமெல்லாம் எப்படி?”

“நல்லாத் தூங்குறோம்.”

தெற்கு அரசின் பக்கம் கைதட்டல். ஷிம்புலு விடுவாரா? “வீட்டில் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்களா?”

“எல்லாரும் திடமா இருக்காங்க.”

இயக்கத்தின் பக்கம் கைதட்டல். இப்போது மாமாவின் முறை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். நல்லாத் தூங்கினீங்களா, வீட்டில் சுகமா, மாடு கன்னு எப்படி? எனக்கு மாடு கிடையாது என்றார் பெல்வொர்த். மாமா உண்மையிலேயே வருத்தப்பட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தார். பிறகு முறைப்படி வாயை மூடி, கண்ணைத் தாழ்த்தி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் போயிற்று. அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பெல்வொர்த் சுத்தியலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். “நெஞ்சைத் தொடும் உரை. மக்கள் நலமாக இருக்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்கள் என்று இந்த மாநாடு நிம்மதியுடன் பதிவு செய்கிறது.” எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெர்மாக்கும் ஷிம்புலுவும் ஒரே நேரத்தில் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

“யோவ், அவர் இன்னும் விஷயத்தையே சொல்லலைய்யா!” என்று கத்தினேன். தமக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது என்பதை மொழிபெயர்ப்பாளர் மறந்துவிட்டார் என்று ஒருவர் வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

வாசலில் பெல்வொர்த்தை மறித்தோம். மாமா கடகடவென்று சொன்னார். மூத்தவள் போனது, இளையவள் முழுகாமல் இருப்பது, பிரசவ வண்டி. பெல்வொர்த் உருகிப்போய்விட்டார். மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மிக முக்கியமான விஷயம். இதை ஏன் நீங்கள் முன்பே சொல்லவில்லை? அடுத்த சுற்றில் கட்டாயம் சேர்க்கிறோம்.”

“அடுத்த சுத்து எப்ப?”

“அதை முடிவு செய்யத் தனியாக ஒரு சுற்று வைத்திருக்கிறோம்.”

கார் கிளம்பிப் போயிற்று. மாமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப, இத்தன நாள் நடந்ததுதான் பேச்சுவார்த்தையா மாப்ள?”

“ஆமா மாமா.”

“இதுக்கப்புறம் எதுவும் இல்லையா?”

“எதுவும் இல்ல.”

“நான் குசலம்னு நெனச்சேன்டா” என்றார்.

முதல் மழை பெய்திருந்தது. லாரி இறக்கிவிட்ட இடத்திலிருந்து மணலில் நடந்து வந்தோம். தூரத்திலேயே எங்கள் வீடு தெரிந்தது. வேலிக்கு வெளியே ஆண்கள் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பகலில் வாசலில் நெருப்பு. சாவு வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள். போதகர் நெக்வாயா எங்களைப் பார்த்து எழுந்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர் கையில் வண்டிச் சாவி இருந்தது. யாரும் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெலாகோவும் இருட்டிய பிறகு வலி கண்டிருக்கிறாள்.

மாமா நெருப்பைப் பார்த்தார். நேராக நடந்து வேலி வாசலில் நின்று குரல் கொடுத்தார், தன் வீட்டு வாசலில், அந்நியர் மாதிரி. என் அம்மா வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாமாவை அழைத்துப் போய் உட்கார வைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள்.

“நல்லாத் தூங்கினீங்களா தங்கச்சி?”

“தூங்கினோம் அண்ணே.”

“வீட்டில எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க.”

“மாடு?”

“நல்லா இருக்கு.”

“மழை?”

“பெஞ்சுது.”

குசலம் இந்த இடத்தில் முடிய வேண்டும். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, சும்மா இருக்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தயாரானாள். மாமா விடவில்லை.

“செவலைப் பசு சினை பிடிச்சுதா?”

“பிடிச்சுது.”

“அதோட போன வருசத்துக் கன்னு?”

“மேயுது அண்ணே.”

“கெணத்துத் தண்ணி?”

“இருக்கு.”

“கழுதை? கொடாப்புக் கோழி? ஷாப்வாவோட மாமியா?”

ஒவ்வொன்றுக்கும் அம்மா நல்லா இருக்கு என்றாள். ஆடுகளை ஒவ்வொன்றாக, நிறம் சொல்லி விசாரித்தார். வேலிக் கழிகளை விசாரித்தார். கம்பு குத்துகிற உலக்கையை விசாரித்தார். வெளியே நெருப்பருகே இருந்தவர்கள் ஊரடங்குக்குப் பயந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு தடவை, “அண்ணே, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தாள்.

மாமா கையை உயர்த்தினார்.

“இரும்மா. குசலம் முடியட்டும்” என்றார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். “நல்லாத் தூங்கினீங்களா?”